திருப்பி ஒட்டிய பெட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன், கோடை வெயில் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை பிற்பகலில், சிவகாசியில் எங்கள் சபைக்குச் சொந்தமான கூட்ட அரங்கில் இது நடந்தது. அன்று மேடையில் மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தவன் நான். விழாவே எனக்காகத்தான்.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு பல ஆண்டுகள் சும்மா இருந்தேன். பிறகு ஆப்பிரிக்காவில் ஸாம்பியா நாட்டில் ஒரு கிராமப் பள்ளிக்கு அறிவியல் ஆசிரியர் தேவைப்படுவதாக நண்பர் ஒருவர் சொன்னார். ஓராண்டுப் பணி. சம்பளம் இல்லை, தங்குமிடமும் சாப்பாடும் உண்டு. விண்ணப்பித்தேன், எடுத்துக்கொண்டார்கள். எழுபதை நெருங்கும் ஒருவர் முன்பின் தெரியாத பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கக் கடல் கடந்து போகிறார் என்று ஊரே பேசியது. வழியில் பார்த்தவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

நான் ஏன் போக நினைத்தேன் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். எனக்கு வீடு அலுத்துவிட்டது.

என் மனைவி அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு என்பது காகிதத்தில்தான். எங்கள் வீடு நாரணாபுரம் போகும் சாலையில் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் பட்டாசு வேலையில் கை சுட்டுக்கொண்டவர்கள், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவர்கள், கட்டுப் பிரித்து மருந்து போட எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். காலையில் காபி குடிக்க உட்காரும்போது மணி அடிக்கும். மதியம் சாப்பாட்டில் கை வைக்கும்போதும் அடிக்கும். கூடத்தில் எப்போதும் களிம்பு வாடை. வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "சார், சிஸ்டர் இருக்காகளா?" என்று கேட்பார்கள். அவ்வளவுதான் எனக்கு வேலை. கதவைத் திறந்துவிட்டு, உள்ளே திரும்பி, "உன்னைத்தான்" என்று சொல்வது. நாற்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவனுக்கு அது உறுத்தியது. என்னைத் தேடி ஆள் வரும் ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது. சேவை என்ற சொல்லை அதன் மேல் போர்த்திக்கொண்டேன்.

அதைவிடப் பெரிய தவறு, அவளிடம் கேட்காமல் விண்ணப்பித்தது. எல்லாம் முடிவான பிறகு ஒரு நாள் இரவு உணவின்போது சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "எல்லாம் முடிவு பண்ணிட்டு வந்து சொல்லுதீக. நல்லது" என்றாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் வாயிலிருந்து ஒரு 'சரி' வந்தால் போதும், நிம்மதியாகக் கிளம்பிவிடலாம் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன். விசா வந்தது, டிக்கெட் வந்தது, தடுப்பூசியும் போட்டாயிற்று. அது மட்டும் வரவில்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு சிறிய வீடு உண்டு. அதில் ஒரு தம்பதி வாடகைக்கு இருந்தார்கள். கணவர் புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்தார். மனைவி கூட்டங்களுக்கும் கல்யாணங்களுக்கும் டீ, காபி போட்டுக் கொடுப்பவர். அந்த மனிதரிடம் ஒரு பழக்கம். எங்கள் வீட்டுக்குள் வருமுன் ஜன்னல் கம்பியை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் வருவார். கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட வேண்டும். உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும், தீப்பொறி வராது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. நான் அதைப் பார்த்துச் சிரிப்பேன். "உள்ள சிஸ்டர் கோவமா இருந்தா வெடிச்சிரும்லா சார்" என்பார்.

நான் கொண்டுபோக வேண்டிய புத்தகங்களுக்கும் சோதனைக் குழாய்களுக்கும் அவர்தான் பெட்டி கொண்டுவந்தார். எங்கள் ஊரில் வீடு மாறினாலும், பிள்ளையை விடுதியில் சேர்த்தாலும், கல்யாணத்துக்குச் சீர் அனுப்பினாலும் பட்டாசு அட்டைப்பெட்டிதான். அதைப் போல உறுதியான பெட்டி வேறு எங்கும் கிடைக்காது. அவரும் வழக்கம்போல கம்பெனியில் சொல்லி ஒரு புதுப் பெட்டியை வாங்கி வந்துவிட்டார். நானும் யோசிக்காமல் புத்தகங்களை அடுக்கத் தொடங்கிவிட்டேன். பெட்டியின் நான்கு பக்கமும் ராக்கெட், சிரித்த முகத்தோடு மத்தாப்புப் பிடித்திருக்கும் ஒரு சிறுமி, அதன் கீழே வெடிபொருள் என்ற எச்சரிக்கைச் சின்னம். என் மனைவி கூடத்துக்கு வந்து பார்த்தவள், அத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

"இதைத் தூக்கிட்டு ஏரோப்ளேன்ல போகப் போறீகளா? ஸாம்பியாவுக்கு இல்ல, நேரா ஜெயிலுக்குத்தான் கூட்டிட்டுப் போவாக."

அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "படிச்சவுக நீங்களாவது சொல்லியிருக்கக் கூடாதா சார்?" என்றார். பிறகு தரையில் உட்கார்ந்து, பெட்டியின் ஒட்டிய ஓரத்தைத் தண்ணீர் தொட்டு மெல்லப் பிரித்தார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தார். ராக்கெட்டும் சிறுமியும் உள்ளே போய்விட, வெளியே வெறும் பழுப்பு அட்டை. மடிப்புகளை நகத்தால் நீவி, பசை தடவி, ஒட்டும் வரை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகள் இப்போதும் என் கண்ணில் நிற்கின்றன.

அடுத்த நாள்தான் பாராட்டு விழா.

அரங்கு நிறைந்திருந்தது. சபையார், என்னோடு வேலை பார்த்தவர்கள், பழைய மாணவர்கள். அச்சகம் வைத்திருக்கும் ஒரு மாணவர், "நாங்கள்லாம் மதுரைக்குப் போகவே அலுத்துக்கிடுதோம். சார் இந்த வயசுல ஆப்பிரிக்கா போறாக" என்று சொன்னபோது எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவி முன்வரிசையில் இருந்தாள். பின்வீட்டுப் பெண் கடைசியில், கதவோரம் மேசை மேல் டீ கேனை வைத்துக்கொண்டு காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியாக நான் பேச எழுந்தேன். தேவை எங்கே இருக்கிறதோ அங்கே போவதுதான் மனிதனுக்கு அழகு என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது தூரத்தில் அந்த வெடிச் சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று.

எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்கள். செய்கிற வேலையை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து, புகை எந்தப் பக்கம் எழுகிறது என்று பார்ப்பார்கள். வீட்டிலிருந்து யாராவது அந்தப் பக்கம் வேலைக்குப் போயிருந்தால் போனைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். இவர்கள் அழைத்துப் பயன் இல்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லோருடையதும் வாசலில் அலமாரியில் இருக்கும். உள்ளே இருப்பவர் தப்பி, ஓடி, வாசலுக்கு வந்து, போனை எடுத்து, "நான் நல்லாருக்கேன்" என்று சொன்னால்தான் உண்டு.

அரங்கிலும் அப்படித்தான் எல்லோரும் எழுந்தார்கள். நாற்காலிகள் நகரும் ஓசை. கதவருகே நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "புதுப்பட்டிப் பக்கம்" என்றார்.

என் பேச்சு பாதியில் நின்றது. அந்த நொடியில் எனக்கு வந்தது பயமும் இல்லை, இரக்கமும் இல்லை, எரிச்சல். எனக்கென்று கிடைத்த ஒரு நாளிலும் இந்தச் சத்தம் வந்து குறுக்கே நிற்கிறதே என்ற எரிச்சல். ஒலிபெருக்கியில் சொன்னேன்:

"உட்காருங்க, உட்காருங்க. நம்ம ஊருக்கு இது என்ன புதுசா? அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருதேன்."

சிலர் சிரித்தார்கள். சிலர் காதில் வாங்காமல் வெளியே போனார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வாத்தியார் சொன்னால் உட்கார்ந்துதானே பழக்கம். கதவோரத்தில் பின்வீட்டுப் பெண் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு அவரும் அங்கிருந்த நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்தேன். அவருடைய கணவர் வேலை செய்யும் இடம் புதுப்பட்டிப் பக்கம் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தேன்.

முன்வரிசையிலிருந்து என் மனைவி எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நடுவழியாக நேராகப் பின்னால் போய், அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து எழுப்பினாள். "வா" என்ற ஒரு சொல் மட்டும் எனக்குக் கேட்டது. வெளியே ஆட்டோ கிளம்பும் ஓசை வந்தது.

நான் பேசி முடித்தேன். பொன்னாடைகளை வாங்கிக்கொண்டேன். புகைப்படத்துக்கும் நின்றேன். கேனில் இருந்த டீயை யாரும் ஊற்றிக் கொடுக்கவில்லை.

மாலையில் மனைவியிடமிருந்து போன் வந்தது. "உசுருக்குப் பயமில்ல. முகம் தப்பிச்சிருச்சு. ரெண்டு கையும் வெந்துபோச்சு. மதுரைக்கு அனுப்புதாக, நானும் கூடப் போறேன்." கம்பெனியில் பக்கத்து அறையில் இருந்த இருவர் பிழைக்கவில்லை என்பதையும் சொன்னாள். என் பேச்சு எப்படி முடிந்தது என்று அவள் கேட்கவில்லை. கூடத்தில் அந்தப் பெட்டி பசை காய்ந்து தயாராக இருந்தது. சால்வைகளை அதன் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது. யாரோ கட்டுப் பிரிக்க வந்திருந்தார்கள். "சிஸ்டர் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அன்று எத்தனையோ பேர் என்னைப் பாராட்டியிருந்தார்கள். வாசலில் நின்ற அந்த ஒருவருக்கு என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதன் பிறகு வந்த வாரங்கள் எப்படிப் போயின என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவரை மதுரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மனைவி காலையும் மாலையும் பின்வீட்டுக்குப் போய் மருந்து போட்டாள். திரும்பி வந்து மின்விசிறிக்குக் கீழே கண்ணை மூடிப் படுத்துவிடுவாள். நான் கிளம்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. போக வேண்டும் என்ற ஆசை முழுவதும் வற்றிப்போயிருந்தது. ஆனால் போகாமல் இருக்கவும் கூச்சம். அத்தனை பேர் முன்னால் சால்வை வாங்கியவன், எந்த முகத்தோடு தெருவில் நடப்பது? என்னை அங்கே போகச் சொன்னதும் கௌரவம்தான், இப்போது போகாமல் இருக்க விடாததும் அதுதான் என்று தெரிந்தபோது என் மேலேயே வெறுப்பு வந்தது.

ஒரு மாலை அவள் படுத்திருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நான் போகட்டுமா, வேண்டாமா? நீ சொல்" என்றேன்.

அவள் கண்ணைத் திறக்காமலே, "இப்பவாவது கேக்கீகளே" என்றாள்.

"போகலைன்னு எழுதிப் போட்டுடவா?"

"போகாம இங்கன இருந்து என்ன செய்யப் போறீக? அவன் கையைப் பாத்துப் பாத்து மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு இருப்பீக. அவன் கட்டை நான் பிரிக்கணும், உங்க மூஞ்சியையும் நான்தான் நிமித்தணும். என்னால முடியாதுய்யா. எனக்கும் வயசாச்சு, எனக்கும் அலுப்பா இருக்கு."

நாற்பது ஆண்டுகளில் அவள் தனக்கு அலுப்பாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதில்லை. வீடு அலுத்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "போயிட்டு வாங்க. அந்தப் பிள்ளைகளுக்கு வாத்தியார் வேணும்லா? அது உண்மைதானே. ஆனா கிளம்புறதுக்கு முந்தி பின்வீட்டுக்குப் போய்ப் பேசிட்டுப் போங்க. நான் தினமும் அங்கன போறேன், அவுக முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமா இருக்கு."

அவளுடைய 'சரி' இந்தக் கடனோடுதான் வந்தது.

பின்வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு துவைக்கிற கல்லும் முருங்கை மரமும்தான். அதைக் கடக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. போனபோது அந்தப் பெண் கணவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் முழங்கை வரை வெள்ளைத் துணியில் இருந்தன. "வாங்க சார், உக்காருங்க" என்றார் அவர். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உட்காரத் தோன்றவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். அன்று நான் உட்காரச் சொன்னது தவறு, அவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன், என்னை மன்னிக்க வேண்டும் என்று. பாடம் ஒப்பிப்பது போலத்தான் வந்தது. வேறு மாதிரி சொல்ல வரவில்லை.

அந்தப் பெண் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "நீங்க சொன்னதால உக்காரல சார்" என்றார். "எந்திரிச்சுப் போனா என்னன்னு தெரிஞ்சுபோகும்லா? தெரியாம இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம்னுதான் உக்காந்தேன். நீங்க சொன்னது எனக்கு வசதியாப் போச்சு."

அது உண்மையா, வயதான ஒருவர் முன்னால் நின்று கலங்குகிறாரே என்று சொன்னதா, எனக்குத் தெரியவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

கணவர்தான் பேச்சை மாற்றினார். "பெட்டி காஞ்சிருச்சா சார்? ஓரத்துல இன்னொரு சுத்து டேப் ஒட்டிக்கோங்க. மறந்து திருப்பி மட்டும் மடிச்சிராதீக, சிஸ்டர் சொன்ன மாதிரி ஜெயிலுக்குப் போயிருவீக."

கிளம்பும் நாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். உள்ளே வருமுன், கட்டுப் போட்ட கையால் முடியாமல், முழங்கையைக் கொண்டுபோய் ஜன்னல் கம்பியைத் தொட்டார். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மதுரை விமான நிலையத்தில் பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போன பிறகு என்னைத் திரும்ப அழைத்தார்கள். பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்களும் கம்பிகளும் தெரிந்ததால் சந்தேகம். ஊர் எது என்று கேட்டார்கள், சொன்னேன். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் இன்னும் ஒருவர் வந்து நின்றார். வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்: "இந்தப் பெட்டியை நீங்களே கட்டினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் சீக்கிரம் விட்டிருப்பார்கள். எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள். ஆனால் அன்று வாய் வரவில்லை. "இல்லை. என் வீட்டுப் பின்னால் இருப்பவர் செய்து கொடுத்தார்" என்றேன். "அவர் என்ன வேலை செய்கிறார்?" என்றார்கள். அதையும் சொன்னேன்.

டேப்பை அறுத்துப் பெட்டியைத் திறந்தார்கள். உள்பக்கம் முழுவதும் ராக்கெட்டும் மத்தாப்புச் சிறுமியும். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துப் பிரித்து, துணியால் துடைத்து இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார்கள். காலியான பெட்டியின் அடியில் நான் பார்த்திராத ஓர் அட்டைத் துண்டு கிடந்தது. கனம் தாங்க வேண்டும் என்று அவர் அளவாக வெட்டிப் போட்டது. அவர்கள் போகலாம் என்று சொன்ன பிறகு நானே எல்லாவற்றையும் அடுக்கி மூடினேன். அவருடைய மடிப்பு எனக்கு வரவில்லை. பெட்டி ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு, கோணலாகத்தான் என்னோடு ஸாம்பியா வந்து சேர்ந்தது.

அங்கே ஓராண்டு இருந்தேன். பாடம் நடத்தினேன். பிள்ளைகள் அன்பாகத்தான் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் பெரிய ஒளி கிடைத்துவிடவில்லை. இரவில் படுத்தால் கட்டிலுக்குக் கீழே அந்தப் பெட்டி இருக்கும். வாரம் ஒருமுறை மனைவியிடம் பேசுவேன். "விரல் மடங்குதா?" என்பதுதான் நான் முதலில் கேட்பது. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவே இல்லை.

நான் ஊர் திரும்பியபோது அவருக்கு அதே கம்பெனியில் வாசல் காவல் கொடுத்திருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களின் போன்களை வாங்கி அலமாரியில் வைத்து, மாலையில் திருப்பிக் கொடுக்கும் வேலை. அக்கம்பக்கத்தில் எங்காவது சத்தம் கேட்டால் அந்த அலமாரியில் இருக்கும் அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அடிக்குமாம். எதையும் எடுக்கக் கூடாது என்பது விதி. அடித்து ஓயும் வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாராம். "அந்த நேரத்துல உக்கார முடியல சார்" என்றார்.

இப்போது காலையில் மணி அடித்தால் கதவைத் திறப்பதும் நான்தான், மனைவிக்குத் துணி நறுக்கிக் கொடுப்பதும், வெந்நீர் வைப்பதும் நான்தான். கட்டுப் போடத் தெரியாது, கற்றுக்கொள்ளும் வயதும் இல்லை. எங்காவது அந்தச் சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். போய் நின்று நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்று தெரியும், ஆனாலும் அன்று அத்தனை பேரை உட்கார வைத்தவனுக்கு இனி உட்கார உரிமை இல்லை என்றே புகை அடங்கும் வரை தோன்றிக்கொண்டிருக்கிறது.